ஒரு சோடி வாழையும் இருபது ஆண்டுச் சிறையும்

ஒரு மனிதனை இருபது ஆண்டுகள் வரை உள்ளே தள்ளக்கூடிய குற்றத்தை அவன்மேல் சுமத்த எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்காவில் பெரிய வழக்குகளுக்கு கிராண்ட் ஜூரி என்று ஒன்றைக் கூட்டுவார்கள். சாதாரணக் குடிமக்கள், இருபது பேருக்கு மேல்கூட இருப்பார்கள். பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து அரசுத் தரப்பு சொல்வதை மட்டும் கேட்பார்கள். மாட்டிக்கொண்டவருடைய வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை, நீதிபதியும் உட்கார்ந்திருக்க மாட்டார். கேட்டு முடித்ததும் பெரும்பாலும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். குற்றப்பத்திரிகை தயார்.

நல்லவேளை நாம் சிட்னியில் இருக்கிறோம் என்று பெருமூச்சு விட்டுவிடாதீர்கள். இங்கே அந்த இருபது பேரும் கிடையாது. முன்பெல்லாம் கீழ் நீதிமன்ற நீதிபதியாவது சாட்சியங்களைப் பார்த்து, மேலே அனுப்ப இது போதுமா என்று கேட்பார். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கேள்வியையும் அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது மூத்த அரச வழக்கறிஞர் ஒருவர் காவல்துறை அனுப்பும் கோப்பைப் படித்து, இந்தக் குற்றச்சாட்டோடு தொடரலாம் என்று சான்றளித்தால் போதும். ஒரு மேசை, ஒரு கையெழுத்து.

ஜசிந்தனுடைய வழக்கில் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் மேசைக்குப் போன கோப்பை நிரப்பியவர்கள் நம் ஆட்கள். அதுவும் அன்பினால்.

ஜசிந்தனுக்கு நாற்பத்தொரு வயது. முல்லைத்தீவுப் பக்கத்தவர். படகில் வந்து, முகாமில் இருந்து, வெளியே விடப்பட்டு, இன்றுவரை தற்காலிக பிரிட்ஜிங் விசாவில் நாட்களைத் தள்ளுகிறவர். வாரநாட்களில் ஸ்மித்ஃபீல்டில் அலுமினிய யன்னல் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வென்ட்வேர்த்வில்லில் பாலேஸ்வரி அன்ரியின் வீட்டுப் பின்னறையில் குடியிருப்பு. சனி ஞாயிறுகளில் அவர் வேறொரு ஆள். மேற்குச் சிட்னியில் நம்மவர் விழா எதுவென்றாலும் மண்டப வாசலில் வாழை கட்டுவது அவர்தான்.

இதற்கு அவர் காசு வாங்குவதில்லை. கடைசிப் பந்தியில் சாப்பாடு, கையில் ஒரு பார்சல், அவ்வளவுதான். ஆனால் வேலையில் மகா கெட்டியான மனிதர். எந்த வாசலைக் கண்டாலும் கண்ணைச் சுருக்கி அகலம் சொல்வார். டாக்டரைப் பார்க்கப் போனாலும் கிளினிக் கதவைப் பார்த்து, "இதுக்குக் குட்டை மரந்தான் பொருந்தும்" என்பார். தரைவிரிப்பில் மணல் சிந்துகிறது என்று மரம் நிறுத்தும் வாளியைக் காட்டிச் சண்டைக்கு வரும் மண்டப மேலாளர்களோடு, தெரிந்த பதினைந்து ஆங்கிலச் சொற்களை வைத்து முக்கால் மணி நேரம் வாதாடுவார். அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் வாழைக்கறை. கடவுள் நம்பிக்கை உண்டா என்று ஒருமுறை கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. "அதெல்லாம் தெரியாது. வாசல் வெறுமையா நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவரிடம் ஒரு தொழில் இரகசியம் இருந்தது. வாழை அவர் வெட்டுவது பாலேஸ்வரி அன்ரியின் வளவில், அதாவது வீட்டுப் பின்தோட்டத்தில். குலையோடும் நேரான தண்டோடும் ஒரே உயரத்தில் இரண்டு மரம் கிடைப்பது லேசில்லை. கிடைத்தாலும் அன்ரி வாரத்துக்கு ஒரு சோடிக்கு மேல் கத்தி வைக்க விடமாட்டார். அதனால் ஒரே சனிக்கிழமையில் மூன்று விழா வந்தால், காலையில் கலியாண வீட்டில் கட்டிய மரத்தை அவிழ்த்து தன் வான் வண்டியில் ஏற்றி, மத்தியானம் அடுத்த மண்டபத்தில் கட்டுவார். மாலையில் மூன்றாவது இடம். யாரும் எங்கே எடுத்தாய் என்று கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. வாழைக்கு இதில் எந்த ஆட்சேபமும் இல்லை. அது மரம்கூட அல்ல, ஒரு பெரிய செடி. எந்த மாப்பிள்ளை எந்தப் பெண் என்று அதற்குத் தெரியாது.

கடந்த அக்டோபரில் அப்படி ஒரு சனிக்கிழமை வந்தது. காலையில் ஸ்ரீகாந்தன் மகளுடைய கலியாணம். ஸ்ரீகாந்தன் ஓய்வுபெற்ற கணக்காளர், மூன்று சங்கங்களின் முன்னாள் தலைவர், கதைக்கும்போது மைக் இல்லாவிட்டாலும் இருப்பது போலவே கதைப்பவர். மத்தியானம் சுலக்சனாவின் மகள் ஹம்சா பெரியபிள்ளையான சடங்கு, ஈழத்தவர் சாமத்தியவீடு என்பார்கள். சுலக்சனா வெஸ்ட்மீட் பக்கம் தாதியாக இருப்பவர். மாலையில் கோயம்புத்தூரிலிருந்து வந்து கணினி வேலையில் இருக்கும் ஈஸ்வரமூர்த்தியின் மகள் ப்ரீத்தியுடைய பரதநாட்டிய அரங்கேற்றம். மூன்று வாசல், ஒரு சோடி.

அதே நாள் டூரல் பக்கம், பெரிய காணிகள் உள்ள பகுதியில், கிரஹாம் என்ற முதியவர் தன் கண்ணாடி வீட்டின் பூட்டு உடைந்திருப்பதைக் கண்டார். உள்ளே குழந்தை மாதிரி வளர்த்த ஆறு வாழைகளைக் காணவில்லை. காவல்துறையிடம் அழாக்குறையாகச் சொன்னார். அன்று பகல் ஒரு பழைய வெள்ளை வானின் பின்கதவிலிருந்து வாழையிலை ஆடிக்கொண்டு போனதை யாரோ கண்டிருந்தார்கள். வானைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. உள்ளே நீளக் கத்தி ஒன்று கிடந்தது. பழுப்புக் கறை படிந்த சட்டைகள் கிடந்தன. சட்டைகள் ஆய்வுக்குப் போயின. கறை வாழையோடு ஒத்துப்போகிறது என்று அறிக்கை வந்தது. எந்த வாழையோடு என்று அறிக்கை சொல்லவில்லை. உலகத்திலுள்ள எல்லா வாழையோடும் அது ஒத்துப்போகும்.

பிறகு துப்பறியும் அதிகாரி ஃபேஸ்புக்கைத் திறந்தார். அங்கே அந்தச் சனிக்கிழமையின் மூன்று விழாக்களும் விரிந்து கிடந்தன. மூன்று வாசல், வாசலுக்கு இரண்டு வாழை. மூவிரண்டு ஆறு. கிரஹாம் இழந்ததும் ஆறு. இவ்வளவு அழகாகப் பொருந்துகிற கணக்கை எந்த அதிகாரி கைவிடுவார்?

பாலேஸ்வரி அன்ரி ஒருவரால் அந்தக் கணக்கை உடைத்திருக்க முடியும். ஆனால் வீட்டில் வாழை வளர்க்க அனுமதி வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். கதவைத் தட்டிய சீருடையைக் கண்டதும், "என்ர வளவில வாழையே இல்லை" என்று சத்தியம் செய்தார். அதிகாரி நன்றி சொல்லிவிட்டுப் போனார். பின்பக்கம் பன்னிரண்டு அடி உயரத்துக்குக் காற்றில் ஆடிக்கொண்டிருந்ததை அவர் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அன்ரி ஸ்டேசனுக்கு ஓடிப்போய், இருக்கிறது, நிறைய இருக்கிறது என்று சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள். ஒரே சாட்சி, எதிரெதிரான இரண்டு வாக்குமூலம்.

ஜசிந்தனை உட்காரவைத்து, தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் துணையோடு கேட்டார்கள்.

"இந்த மரங்களை எங்கே எடுத்தாய்?"

அந்த நேரம் அவருக்கு முன்னால் தெரிந்தது சிறை அல்ல, ஸ்ரீகாந்தனின் முகம். சுலக்சனாவின் முகம். உண்மையைச் சொன்னால் இந்தப் பொலிஸ்காரர் அவர்களிடம் போய்க் கேட்பார், அவர்கள் வீட்டு விசேடத்துக்கு இன்னோரிடத்தில் கட்டி அவிழ்த்த மரத்தைக் கட்டினேன் என்று ஊர் சிரிக்கும். அன்ரியின் வளவைச் சொன்னாலும் வாரத்துக்கு ஒரு சோடிதான் என்பது வெளிவந்துவிடும்.

"எல்லாம் வேற வேற மரம்" என்றார்.

"எங்கே வெட்டினாய்?"

"அது சொல்ல ஏலாது."

கண்ணாடி வீட்டுக்குக் கூரையும் கதவும் உண்டு, ஆகவே அது கட்டடம். கையில் கத்தி உண்டு, ஆகவே அது ஆயுதம். ஆயுதத்தோடு கட்டடத்தை உடைத்து நுழைந்து திருடுவதற்கு அதிகபட்சம் இருபது ஆண்டு. பிணையில் விட்டார்கள். ஆனால் ஜசிந்தன் போன்றவர்களுக்கு இருபது ஆண்டு என்பது இரண்டாவது பயம்தான். முதல் பயம் வேறு. அந்த விசாவில் இருப்பவர் குற்றவாளி என்று தீர்ப்பாக வேண்டியதில்லை, குற்றம் சாட்டப்பட்டாலே விசாவை ரத்துச் செய்யலாம் என்று விதி இருக்கிறது. ரத்தானால் வில்லவுட் தடுப்பு முகாம். அங்கிருந்து எங்கே என்று யாருக்கும் தெரியாது. அரச வழக்கறிஞர் குற்றச்சாட்டைச் சான்றளிப்பதற்குள் அது கைவிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போய் ஒரு வருடமோ இரண்டு வருடமோ கிடக்கும். அத்தனை காலமும் அவர் குற்றம் சாட்டப்பட்டவராகவே இருப்பார்.

சட்ட உதவி மூலம் அவருக்குக் கிடைத்தவர் ஹரிப்பிரியா. ஈரோட்டுப் பெண். பரமட்டாவில், ரயில் ஸ்டேசனிலிருந்து நடக்கும் தூரத்தில் அலுவலகம். இரண்டாவது சந்திப்பில்தான் ஜசிந்தன் வாய் திறந்தார்.

"தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது."

"நான் உங்க வக்கீல் அண்ணா. சொல்லுங்க."

"மூண்டு இடத்திலயும் நிண்டது ஒரே சோடி."

ஹரிப்பிரியா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப ஆறு மரமே இல்லையா?"

"ரெண்டுதான்."

"ஐயோ அண்ணா, இதை மொத நாளே போலீஸ்ல சொல்லியிருந்தா கேஸே இல்லையே! கணக்கே இடிஞ்சு போயிருக்குமே!"

"அதெப்பிடிச் சொல்லுறது? சுலக்சனாவின்ர பிள்ளைக்கு ஒரே ஒரு சாமத்தியவீடு. அதுக்குப் போய் ஆரின்ரையோ கலியாணத்தில நிண்ட மரத்தைக் கட்டினனான் எண்டு பொலிஸில எழுதிக் குடுக்கிறதே?"

"இல்லன்னா உங்களை வில்லவுட்ல கொண்டுபோய் வைப்பாங்க."

"அங்க எனக்குப் பழக்கம்" என்றார் ஜசிந்தன். சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பினார். யன்னல் சட்டத்தைத்தான் பார்த்தாரோ என்னவோ.

ஹரிப்பிரியா கணக்குப் போட்டார். மூன்று குடும்பத்தில் ஒருவர் வந்து, எங்கள் வாசலுக்கு வந்தது ஏற்கனவே கட்டி அவிழ்த்த மரம் என்று வாக்குமூலம் தந்தால் போதும். ஆனால் அவர் தொலைபேசியை எடுப்பதற்கு முன்பே மூன்று குடும்பமும் தாங்களாகவே பொலிஸ் ஸ்டேசனுக்குப் போய் வந்திருந்தன. கோட்டுப் போட்டு, சேலை கட்டி, ஒரு நல்ல மனிதனைக் காப்பாற்றப் போயிருந்தார்கள். அந்த வாக்குமூலங்களை ஹரிப்பிரியா எடுத்துப் படித்தார்.

ஸ்ரீகாந்தன் சொல்லியிருந்தார்: ஜசிந்தன் தங்கமான பொடியன், என் மகளின் கலியாணத்துக்கென்றே அன்று விடியற்காலை வெட்டிய புத்தம் புது மரங்களைக் கொண்டுவந்தான்.

சுலக்சனா சொல்லியிருந்தார்: வேறு ஒருவர் கையும் படாத சுத்தமான மரங்களை அவர் எங்களுக்காகத் தேடிக் கொண்டுவந்தார், வெட்டிய இடத்தில் நீர்கூடக் காயவில்லை.

ஈஸ்வரமூர்த்தி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அப்படிப்பட்ட பசுமையான மரங்களை ஆஸ்திரேலியாவில் தான் கண்டதே இல்லை என்று முடித்திருந்தார்.

மூன்று பேரும் அவன் நல்லவன் என்று நிரூபிக்கப் போய், ஆறு மரம் உண்டு என்று நிரூபித்துவிட்டு வந்திருந்தார்கள். போதாததற்கு ஆல்பம் வேறு. படம் பிடித்தவர்கள் மணமகளுக்கு முகம் வெளுக்கவைத்த அதே கையோடு வாழைக்கும் பச்சை ஏற்றிவிட்டிருந்தார்கள். கிழிந்த இலைகளை ஒட்டியிருந்தார்கள். மூன்று ஆல்பத்திலும் மூன்று சோடி இளம் மரங்கள் பளபளத்தன. உண்மையான மரங்களோ திங்கட்கிழமையே தோட்டக் குப்பை போடும் பச்சைத் தொட்டியில் போய்விட்டன.

ஹரிப்பிரியா ஒவ்வொருவராக அழைத்தார்.

"அங்கிள், மரத்தை நடுவுல கழட்டினாரா?"

"என்ன பிள்ளை கேள்வி இது? எங்கட வீட்டுக் கலியாணத்தில ஆர் இடையில மரம் களட்டினது? கடைசி ஆள் சாப்பிட்டு எழும்பும்வரை மரம் நிண்டது."

சுலக்சனா சொன்னார், "அவருக்காக நான் கோர்ட்டில வந்தும் சொல்லுவன். ஆனா மரம் பழசு எண்டு மட்டும் கேக்காதீங்கோ. எனக்கு மாமி இருக்கிறா."

ஈஸ்வரமூர்த்தி சொன்னார், "மேடம், ஜசிந்தன் எனக்குத் தம்பி மாதிரிங்க. என்ன உதவி வேணும்னாலும் செய்யறேனுங்க. இதை மட்டும் விட்டுருங்க."

அந்த மனிதனுக்காக உயிரைக் கொடுப்பார்கள். ஒரு வாழையைப் பற்றிய உண்மையைக் கொடுக்கமாட்டார்கள். படித்தவர்கள். ஒருவர் வரி விதிகளை விரல் நுனியில் வைத்திருந்தவர். ஒருவர் கிருமிகளைப் பற்றிப் பரீட்சை எழுதியவர். ஒருவர் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுப்பவர். மூன்று பேர் கைக்கும் ஒரு விலங்குபோல மாட்டியிருந்தது மங்களம் என்ற ஒரு சொல்.

அரச வழக்கறிஞர் சான்றளிக்கும் நாள் நெருங்கியது. நேரில் வந்தாவது பேசுங்கள் என்று ஹரிப்பிரியா கெஞ்சினார். வருகிறோம், ஆனால் நம் ஆட்கள் யார் கண்ணிலும் படக் கூடாது என்று மூவரும் தனித்தனியே நிபந்தனை வைத்தார்கள். மூவரும் தனித்தனியே யோசித்து ஒரே நாளைத்தான் கண்டுபிடித்தார்கள். தைப்பூசம். அன்று நம்மவர் எல்லாரும் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் நிற்பார்கள், பரமட்டாத் தெருவில் ஒரு தமிழ் முகம் இருக்காது. அரை மணி இடைவெளி விட்டுத்தான் ஹரிப்பிரியா நேரம் கொடுத்தார். மூவரும் நேரத்துக்கு முந்தியே வந்து சேர்ந்தார்கள்.

ஸ்ரீகாந்தன் உள்ளே வந்தபோது காத்திருக்கும் அறையில் சுலக்சனா உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளை, நீ கோயிலுக்குப் போகேல்லையோ?"

"நீங்களும் போகேல்லைத்தானே அங்கிள்."

"எனக்கு முழங்கால் வருத்தம்."

"எனக்கு நைட் டியூட்டி."

கதவு திறந்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஈஸ்வரமூர்த்தி வந்தார். இருவரையும் பார்த்தார். திரும்பிப் போகப் பார்த்தார், அதற்குள் கதவு தானாக மூடிக்கொண்டது. "இன்னிக்குக் காவடியெல்லாம் அங்கங்க" என்று மேற்குப் பக்கம் கையைக் காட்டிவிட்டு ஒரு நாற்காலியில் அமர்ந்தார்.

மூவரும் மூலையில் இருந்த மீன்தொட்டியைப் பார்த்தார்கள். முதலில் வாய் திறந்தவர் ஸ்ரீகாந்தன்தான்.

"என்ன இருந்தாலும் அந்தப் பொடியன் எனக்குச் செய்தது பிழை. தாலி கட்டி முடிஞ்ச கையோட மரத்தைக் களட்டிப்போட்டான். மாப்பிள்ளை இன்னும் கதிரையால எழும்பேல்லை! அதுக்குள்ள எங்கட பெரியம்மாவின்ர பேரன் குலையில அடிச் சீப்பைப் பிச்சுத் திண்டிட்டான். எனக்கு எவ்வளவு மனவருத்தம் தெரியுமே? ஊருக்குச் சொல்ல ஏலுமே?"

சுலக்சனா மெல்லத் திரும்பினார். "அடிச் சீப்போ?"

"ஓம்."

"எங்கட வாசல்ல நிண்ட குலையிலயும் அடிச் சீப்பு இல்லை. கேட்டதுக்கு வழியில விழுந்திட்டுது எண்டவர்." அவர் குரல் உயர்ந்தது. "அப்ப நீங்கள் திண்டிட்டு விட்ட மிச்சத்தையோ என்ர பிள்ளையின்ர சாமத்தியவீட்டுக்குக் கட்டினது?"

"மிச்சமோ? உன்ர வீட்டுக்காகத்தான் என்ர மகளின்ர மரத்தை அந்தரப்பட்டுக் களட்டினவன்! என்ர மகளின்ர மங்களத்தைக் களட்டிக்கொண்டு வந்து உங்கட வாசல்ல வச்சிருக்கிறான்!"

"உங்கட மங்களம் ஆருக்கு வேணும்? எச்சில் குலை!"

"ஒரு நிமிசம்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். தொலைபேசியில் தேடி ஒரு படத்தை எடுத்து நீட்டினார். வாழைத்தண்டில் ரோஸ் நிற ரிப்பன், அதில் பொன் எழுத்தில் ஒரு பெயர். "இது எங்க அரங்கேற்றத்து வாசல்ல எடுத்தது, சாயந்திரம். ஹம்சான்னு போட்டிருக்கு. எம் பொண்ணு பேரு ப்ரீத்திங்க. அன்னிக்கே சண்டை போடோணும்னு போட்டோ எடுத்து வெச்சேன், மனசு கேக்கல. நடராஜர் செலை பத்தடியில இருக்குதுங்க. சடங்கு வீட்டு மரத்தை அங்க கொண்டாந்து..."

"என்ன, சடங்கு வீடு எண்டா? எங்கட வீடு என்ன ஊத்தையோ?" சுலக்சனா எழுந்துவிட்டார். "பிள்ளை வயசுக்கு வாறது உங்களுக்குத் தீட்டோ? உங்கட பிள்ளையும் பொம்பிளைப் பிள்ளைதானே? அவ மேடையில காலால மிதிக்கிறதும் நிலந்தானே?"

"நான் அப்படிச் சொல்லலைங்க..."

"அப்பிடித்தான் சொன்னனீங்கள்!"

அந்த அறையில் அன்று பேசப்பட்ட எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடுள்ள வாக்கியங்கள் சுலக்சனா கேட்ட அந்தக் கேள்விகள் மட்டும்தான். சற்று முன் எச்சில் குலை என்றவரும் அவர்தான், பாதி வழிதான் வந்தார் என்பது வேறு விடயம்.

சத்தம் கேட்டு ஹரிப்பிரியா வெளியே வந்து நின்றார். பல வாரங்களாகக் கெஞ்சிக் கேட்ட சாட்சியம் அவருடைய மீன்தொட்டிக்கு முன்னால் நின்று ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தது.

"இதை நான் எழுதிக்கலாமா?" என்று கேட்டார்.

மூவரும் அடங்கினார்கள்.

"ஜசிந்தனுக்காக. நீங்க இப்பச் சொன்னது மட்டும்."

ஸ்ரீகாந்தன் தொண்டையைச் செருமினார். சுலக்சனா கைப்பையை எடுத்தார். ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியை மறுபடி போட்டார்.

அந்தப் பெண்ணுக்கு அந்தக் கணத்தில் எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ தெரியாது. நம் சமூகத்தை அவர் நன்றாகப் படித்திருக்கிறார் என்று மட்டும் சொல்வேன்.

"சரி, ஜசிந்தனை விடுங்க. மத்தவங்க உங்களுக்குப் பண்ணினதை எழுதிக்கலாமா? யாருடைய மரம் எப்ப எங்க போச்சுன்னு. தேதி, நேரம், கையெழுத்தோட."

மூன்று நாற்காலிகளும் ஒரே நேரத்தில் மேசைப் பக்கம் நகர்ந்தன.

"முதல்ல என்ரதை எழுது பிள்ளை. நேரம் பத்தரை. மாப்பிள்ளை பால் பழம்கூடத் தொடேல்லை, அதையும் போடு."

"என்ரதில அடிச் சீப்பை மறக்காதீங்கோ. ஆர் திண்டது எண்டும் எழுதுங்கோ."

"மேடம், என் போட்டோல டைம் இருக்குதுங்க. ஒரிஜினலையே அனுப்பறேன்."

ஒரு மனிதனைக் காப்பாற்ற என்று கேட்டபோது வராத உண்மை, இன்னொருவரைக் குற்றம் சாட்ட என்றதும் நேரத்தோடும் படத்தோடும் கையெழுத்தோடும் ஓடி வந்தது. கிராண்ட் ஜூரிக்கு எதற்கு அமெரிக்கா போக வேண்டும்? நம் மண்டபம் ஒவ்வொன்றிலும் ஒன்று கூடி நிற்கிறது. கதவைப் பூட்டும் சிரமம்கூட அதற்கு இல்லை.

வாக்குமூலங்கள் அரச வழக்கறிஞரிடம் போயின. ஆறு மரம் இரண்டானது. சீப்புக் குறைந்த குலை ஒரு மண்டபத்திலிருந்து அடுத்ததற்குப் பயணம் செய்த பாதை தெளிவானது. பாலேஸ்வரி அன்ரியின் வளவை இந்த முறை உள்ளே போய்ப் பார்த்தார்கள். குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. கிரஹாமின் வாழைகளை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஜசிந்தன் கிடைத்த பிறகு ஒருவரும் அவற்றைத் தேடவில்லை. அந்தக் கிழவருக்கும் இதில் நீதி கிடைக்கவில்லை.

நீதிமன்ற வாசலில் ஹரிப்பிரியா செய்தியைச் சொன்னபோது ஜசிந்தன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அப்ப மூண்டு வீட்டுக்கும் ஒரே சோடிதான் எண்டு அவையளுக்குத் தெரிஞ்சு போச்சோ?"

"தெரிஞ்சிருச்சு அண்ணா."

"அடக் கடவுளே" என்றார் கடவுளைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்த மனிதர். படியில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு மூன்று குடும்பமும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஆனால் ஒரு விடயத்தில் மூவரும் ஒற்றுமை. ஜசிந்தனை அழைப்பதில்லை. ஹரிஸ் பார்க்கில் ஒரு கடையில் பிளாஸ்டிக் வாழை வாடகைக்கு வந்திருக்கிறது. அதே மரம் வாரத்துக்குப் பத்து வாசலில் நிற்கிறது. பிளாஸ்டிக்குக்கு யாரும் தீட்டுப் பார்ப்பதில்லை.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். போன வாரம் அவருக்கு ஓர் அறிவிப்பு வந்தது. விசாவை ரத்துச் செய்வது பரிசீலிக்கப்படுகிறது. காரணம், அவர்மீது குற்றம் சாட்டப்பட்டிருந்தது. குற்றச்சாட்டு இப்போது இல்லையே என்று ஹரிப்பிரியா கேட்டார். இருந்ததா என்றுதான் விதி பார்க்கிறது. இருந்தது. நடக்காத திருட்டு, இல்லாத நாலு மரங்கள், கைவிடப்பட்ட வழக்கு எல்லாம் ஒருபக்கம் இருக்க, அவர்மீது ஒருகாலத்தில் குற்றம் சாட்டப்பட்டது என்பது மட்டும் அசைக்க முடியாத உண்மையாக நிற்கிறது. அதை முதலில் எழுதியது ஓர் அதிகாரி. அதைப் பலப்படுத்தியவர்கள் அவருடைய நண்பர்கள். இனி அதை அழிக்க யாராலும் முடியாது, அதற்குப் பதில் சொல்லத்தான் முடியும்.

அந்தப் பதிலை ஹரிப்பிரியா இப்போது தயாரித்துக்கொண்டிருக்கிறார். ஜசிந்தன் இங்கே எப்படி வாழ்ந்தார் என்று சொல்லக்கூடியவர்கள் அவருக்கு வேண்டும். கலியாணமோ சடங்கோ அரங்கேற்றமோ, இந்த நகரத்தில் நம்மவர் விழா ஒன்றுக்காவது நீங்கள் போயிருந்தால் ஜசிந்தனை உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் எழுதி ஹரிப்பிரியாவுக்கு அனுப்புங்கள். அவரைப் புகழ வேண்டாம். தங்கமானவர் என்று தொடங்க வேண்டாம். எந்த நாள், எந்த இடம், அவர் என்ன செய்தார், உங்கள் கண்ணால் எதைப் பார்த்தீர்கள், அது மட்டும் போதும். உங்களுக்கு வெட்கம் தருவது ஏதாவது அதில் இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். பிரதி ஒன்றை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பி, குற்றம் சாட்டுவதே தண்டனை என்றால் நீதிமன்றங்களை எதற்குத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஜசிந்தன் பதில் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, இன்றைக்கே எழுத உட்காருங்கள்.